மூன்று மாதமும் ஒரு மாரியும்: மலிவுச் சைலன்சர் குழாய் வாங்குவோர் கவனத்துக்கு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டைப் பக்கமுள்ள கராஜ்களில் தை, மாசியில் போய் நின்று பாருங்கள். எஞ்சின் தலையிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் வளைந்த முன்குழாய்கள் கழற்றி எறியப்பட்டுக் கிடக்கும். பாதிக்கு மேல் போன வருடம் போட்டவை. சிறுபோக அறுவடைக் காசு கையில் வந்த ஆவணி, புரட்டாசியில் வாங்கியிருப்பார்கள். ஐப்பசியில் மழை தொடங்கும். மார்கழியில் பெயின்ற் உரியும். தையில் ஓட்டை விழும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் "பில் இருக்கா?" என்ற கேள்வி வரும். பில் இராது. இருந்தாலும் முறைப்பாடு செய்யும் காலம் முடிந்திருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் தருகிறது. எங்கள் ஊர் மாரி குழாயைச் சோதித்து முடிப்பதோ அதற்குப் பிறகுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய மோட்டார் சைக்கிளையும் லாண்ட்மாஸ்டரையும் ஒட்டுப்போட்டே சனம் ஓட்டியது. அசல் குழாய் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டவில்லை. ஆகவே மலிவுக் குழாய் வாங்கியவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வாங்கிய பிறகு நடக்கும் கவனக்குறைவைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலிவுக் குழாய் பெரும்பாலும் சாதாரண இரும்பு. மேலே பூசியிருக்கும் கறுப்பு கடைத்தட்டில் மினுங்குவதற்கான பூச்சு. ஓடும் வண்டியில் முதல் வளைவின் சூடு 300 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். எஞ்சின் வாசலில் வரும் புகை அதைவிட மிகச் சூடானது. சாதாரண எனாமல் பெயின்ற் இதில் பாதிச் சூட்டைக்கூடத் தாங்காது. ஒரு மாதம் ஓடிய குழாயைக் குனிந்து பாருங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று வரும். பிளாஞ்ச் தட்டைக் குழாயோடு ஒட்டிய வெல்டிங் விளிம்பில் மண்ணிற வளையம் ஒன்று ஓடும். முதல் ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் அந்த வளையம்தான். கடைக்காரர் புதிதென்று தரும் குழாயிலும் அந்த விளிம்பை முதலில் பாருங்கள். பட்டறைக் கசடு துடைக்காமல் மேலே பெயின்ற் அடித்திருந்தால் அதை வாங்க வேண்டாம்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் குழாய்க்குள் வருகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது வெளியே போய்விடும். வீட்டிலிருந்து சந்திக் கடைக்கும் வாய்க்கால் கட்டுக்கும் மட்டும் ஓடி நிறுத்தினால் குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராகப் படிந்து உள்ளிருந்து தின்னும். இதற்குப் பெயின்ற் மருந்தில்லை. வாரத்தில் ஒரு நாளாவது குழாய் முழுவதும் சூடேறும்படி இருபது நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளையைச் சத்தம் வருகிறது என்று வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள்.

இனி, பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. வண்டியில் ஏற்றிய பிறகு பாதி இடம் கைக்கு எட்டாது. ஆகவே பூட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். கடைப் பூச்சை எமரித்தாளால் முழுவதும் உரசி வெறும் இரும்பு தெரிய வையுங்கள். தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங் கையால் தொடாதீர்கள். சூடு தாங்கும் சிலிக்கன் பெயின்ற் ஸ்பிரே டின்னில் வருகிறது. டின்னில் 600 பாகை அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். "ஹீட் புரூவ்" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, இடையில் உலர விட்டு அடியுங்கள். அடியில் ரெட் ஒக்சைட் போடாதீர்கள். அது சூட்டில் கருகி, மேலிருக்கும் நல்ல பெயின்ற்றையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

அடித்து முடித்ததும் பாதி வேலைதான் முடிந்தது. இந்தப் பெயின்ற் காற்றில் காயும், சூட்டில்தான் இறுகும். டின்னில் எழுதியபடி எஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டு ஆற விடுங்கள்; அடுத்த முறை கூடுதல் நேரம், மறுபடி ஆற விடுதல். இதைச் செய்யாமல் அன்றைக்கே சேற்று வயலுக்குள் இறக்கினால் பெயின்ற் காசு வாய்க்காலில் போட்ட காசு. எஞ்சினோடு சேரும் வாயில் புதிய கஸ்கெட் வளையம் போடுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் காற்றுக் கசியும். அக்சிலேற்றரை விடும்போது படபடவென்று வெடிக்கும். குழாய் அளவுக்கு மீறிச் சிவந்தோ நீலம் பாய்ந்தோ போனால் கார்புரேற்றரையும் இக்னிஷன் நேரத்தையும் மெக்கானிக்கிடம் பார்க்கக் கொடுங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்தக் குழாயைப் போட்டாலும் எரியும்.

சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். வயலால் வந்த கையோடு மோட்டரைப் போட்டுக் கழுவுவது இங்கே பழக்கமாகிவிட்டது. வெல்டிங் வெடிப்பதற்கும் பெயின்ற் செதிலாவதற்கும் அதைவிட இலகுவான வழி இல்லை. கை வைக்கும் சூடு வரும்வரை பொறுத்துக் கழுவுங்கள். உரமூட்டை ஏற்றிய நாளில் கழுவாமல் விடவும் கூடாது, எம்.ஓ.பி. உரம் உப்பு இனம், ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும். உப்புக் காற்றடிக்கும் ஆனையிறவுப் பக்கம் நாளாந்தம் போய் வருபவர்களுக்கும் இதுதான். 2018 மார்கழி வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் சூடான குழாயோடு வெள்ளத்துக்குள் இறக்குபவர்களை என்ன சொல்வது?

குழாயில் துணிநாடா சுற்றும் நாகரிகம் இளைஞர்களிடம் வந்திருக்கிறது. சாதாரண இரும்புக் குழாய்க்கு அது நஞ்சு. மழை ஈரத்தைப் பிடித்து வைக்கும், சூட்டையும் உள்ளே அடைக்கும். ஆறு மாதம் கழித்து அவிழ்த்தால் துருத்தூள் கொட்டும். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெட்டி வளைத்து ஒட்டுவதையும் பட்டறைகளில் பார்க்கிறேன். நாகம் 420 பாகையில் உருகும். 200 பாகைக்கு மேல் தொடர்ந்து சூடானால் உரியத் தொடங்கும். அதை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் நடுக்கம் வரும். பட்டறைத் தம்பிமாரின் நெஞ்சுக்காகவாவது அந்தக் குழாயைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டை விழுந்த குழாயோடு "இன்னும் ஒரு போகம் ஓடட்டும்" என்று விடுவது ஆபத்து. அதிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு: நிறமில்லை, மணமில்லை. வானிலோ ஓட்டோவிலோ ஆசனத்துக்கு அடியில் கசிந்தால் தலையிடி, தலைச்சுற்று, மயக்கம் என்று போய் உயிரை எடுக்கும். லாண்ட்மாஸ்டரையோ நீர்ப்பம்பியையோ பூட்டிய கொட்டிலுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் ஓடவிடாதீர்கள், குழாய் புதிதாக இருந்தாலும். யாராவது மயங்கினால் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் சூடான குழாயோடு வண்டியை நிறுத்தவும் வேண்டாம். பிள்ளையின் கால் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், மண் எதுவும் பூசாதீர்கள்.

ஓட்டையுள்ள குழாயோடு புகைப் பரிசோதனைக்குப் போனால் வெளிக்காற்றுக் கலந்து அளவீடு பிழைக்கும். புகைச் சான்றிதழ் கேட்கப்படும் வாகனத்துக்கு அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. குழாயோடு சத்தம் கூட்டும் மாற்றுச் சைலன்சரையும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து பொலிஸார் அத்தகைய வாகனங்களை மறித்துக் கழற்ற வைக்கிறார்கள். அகப்படுவது ஓட்டியவர்தான், விற்றவர் இல்லை.

இப்போது கடதாசி வேலை. சனம் சறுக்குவது இங்கேதான்.

பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. "தெரிந்த ஆள்தானே" என்று துண்டுக் கடதாசியில் தொகை மட்டும் கிறுக்கித் தந்தால் ஏற்காதீர்கள். திகதி, கடையின் பெயர், பொருளின் பெயர், விலை நான்கும் இருக்க வேண்டும். "ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லி விற்றால் அந்தச் சொல்லையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "ஆறு மாதம் ஒன்றும் ஆகாது" என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் விடை கிடைத்துவிட்டது. காந்தம் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அது முழுச் சோதனை இல்லை. 409 வகை ஸ்டெயின்லெஸும் காந்தத்தில் ஒட்டும். தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பது அதே சட்டத்தில் குற்றம். எழுத்தில் இல்லாத பொய்யை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். வாங்கிய திகதியைக் கலண்டரில் குறித்து, இரண்டாவது மாத முடிவில் குழாயைக் கழுவித் துடைத்து அந்த வெல்டிங் விளிம்பைப் பாருங்கள். கசிவோ வெடிப்போ துளையோ தெரிந்தால் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். சரிவராவிட்டால் கிளிநொச்சிக் கச்சேரிக்குப் போய் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட உத்தியோகத்தரைக் கேளுங்கள். 1977 இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம், ஆனால் அழைப்போடு நின்றுவிடாதீர்கள். சட்டம் கேட்பது எழுத்து மூல முறைப்பாடு. உங்கள் பெயர், விலாசம், கடையின் பெயர், விலாசம், வாங்கிய திகதி, விலை, குறை என்ன, பணம் திரும்ப வேண்டுமா மாற்றுப் பொருள் வேண்டுமா என்று எழுதி, பில்லின் பிரதியையும் படங்களையும் இணையுங்கள். மூலப் பில்லைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். "பிறகு வாங்கோ, ஐயா வெளிய போட்டார்" என்றால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணைக்குப் பிறகு நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுக்கு உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு.

அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதைத்தான் காண முடியவில்லை. அரிசிக்கும் முட்டைக்கும் விலை பார்க்க வரும் அதிகாரிகள் உதிரிப்பாகக் கடைகளுக்குள் நுழைவது அபூர்வம். வாகனப் பாகம் தங்கள் வேலையில்லை என்ற நினைப்பு. சட்டம் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. எழுத்தில் முறைப்பாடு குவிந்தால்தான் அவர்களும் வருவார்கள். ஆகவே மலிவுக் குழாய்தானே என்று விட்டுவிடாமல் எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: மூன்று மாதத்துக்குள், எழுத்தில், பில்லோடு.

காலம் கடந்துபோனவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது, சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை என்றே சொல்லலாம். முரசுமோட்டைக்காரர் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் கேட்டால் சபை எந்த நாளில் எந்தக் கட்டடத்தில் கூடுகிறது என்று சொல்வார்கள். கடைக்காரரை அழைத்து இருத்திப் பேசுவார்கள். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.