நேபாளக் கம்பியில்லா வலையமைப்புத் திட்டம்

நேபாளக் கம்பியில்லா வலையமைப்புத் திட்டம் என்பது மேற்கு நேபாளத்தின் மலைக்கிராமங்களுக்கு வைஃபை மூலம் இணைய வசதி அளிக்கத் தொடங்கப்பட்ட மக்கள் முயற்சியாகும். மியாக்தி மாவட்டத்தின் நாங்கி கிராமத்தைச் சேர்ந்த ஆசிரியர் மகாபீர் புன் 2002இல் இதைத் தொடங்கினார். வளரும் நாடுகளின் தொலைதூரப் பகுதிகளுக்கு இணையத்தை எவ்வாறு கொண்டுசெல்லலாம் என்பதற்கு இத்திட்டம் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

நாங்கி, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. திட்டம் தொடங்கிய காலத்தில் அங்கு தொலைபேசி இணைப்பு இல்லை. சாலையை அடைய மணிக்கணக்கில் நடக்க வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்து 1992இல் ஊர் திரும்பிய புன், ஊர்ப்பள்ளியை வளர்ப்பதில் ஈடுபட்டார். 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய கணினிகள் நன்கொடையாகக் கிடைத்தன. ஊருக்கு அருகிலுள்ள ஓடையில் சிறு நீர்மின் கருவி அமைத்து அவற்றை இயக்கினர்.

கணினி வந்தும் இணையம் வரவில்லை. மலைகளின் குறுக்கே கம்பி இழுப்பது பெருஞ்செலவு. சில நூறு வீடுகளுக்காக எந்த நிறுவனமும் அச்செலவை ஏற்க முன்வராது. செயற்கைக்கோள் இணைப்பின் கட்டணமும் கிராமத்தால் தாங்கக்கூடியதாக இல்லை. 2001இல் புன் தம் நிலையை விளக்கி பிபிசிக்கு எழுதினார். அச்செய்தியைக் கண்டு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தன்னார்வலர்கள் உதவ வந்தனர்.

செயல்படும் முறை

முதலில் நாங்கிக்கும் அண்டைக் கிராமமான ராம்சேக்கும் இடையே இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. தொலைக்காட்சி டிஷ் ஆன்டெனாக்களை மரங்களில் பொருத்தியே இது செய்யப்பட்டது. பின்னர் மலையுச்சிகளில் அஞ்சல் நிலையங்கள் அமைக்கப்பட்டு, பொக்காரா நகரின் இணைய இணைப்பு கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டது.

வீட்டிலுள்ள வைஃபை கருவி அலைகளை எல்லாத் திசைகளிலும் பரப்புவதால், சில பத்து மீட்டர்களிலேயே வலுவிழக்கிறது. அதே ஆற்றலை டிஷ் ஆன்டெனா ஒரே திசையில் குவித்தால், அலை பல கிலோமீட்டர் செல்லும். ஆனால் இரு முனைகளும் மறைப்பின்றி ஒன்றையொன்று நோக்கியிருக்க வேண்டும். கம்பி இழுப்பதற்குத் தடையாக நிற்கும் மலை இங்கு இயற்கையான கோபுரமாகப் பயன்படுகிறது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. வைஃபை கருவி தரவை அனுப்பியதும், அது கிடைத்துவிட்டதா என்ற பதிலுக்கு மிகக் குறுகிய நேரமே காத்திருக்கும். 30 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும்; பதில் திரும்ப மீண்டும் அவ்வளவு ஆகும். அதற்குள் கருவி தரவு தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். எனவே நெடுந்தொலைவு இணைப்புகளில் இக்காத்திருப்பு நேரத்தை நீட்டித்து அமைக்க வேண்டும்.

பயன்கள்

இந்த வலையமைப்பு வழியாக நகர மருத்துவர்களிடம் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் ஆலோசனை பெற்றனர். ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு வேறிடத்திலிருந்து பாடம் நடத்தப்பட்டது. கிராமத்தினர் தம் விளைபொருள்களை விற்கவும், வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினருடன் பேசவும் இது உதவியது.

சட்டமும் பராமரிப்பும்

தொலைவைவிடப் பெரிய தடையாக இருந்தது சட்டம். 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. அக்காலத்தில் கம்பியில்லாக் கருவிகளுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், தொடக்கத்தில் இவ்வலையமைப்பு முறையான அனுமதியின்றியே இயங்கியது. நாடு மக்களாட்சிக்குத் திரும்பிய பின்னரே வைஃபை அலைக்கற்றையைக் கிராமங்கள் சட்டப்படி பயன்படுத்த முடிந்தது. இந்தியாவும் 2.4 கிகாஹெர்ட்சு அலைக்கற்றைக்கு உரிமம் தேவையில்லை என 2005இல் அறிவித்தது. ஏறத்தாழ அதே காலத்தில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுப்புறக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களுடன் நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைக்கப்பட்டது. இதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்தனர்.

அடுத்த தடை பராமரிப்பு. மலையுச்சி நிலையங்கள் சூரிய ஒளியையும் காற்றையும் நம்பியுள்ளன. பனிமூட்டம் நீடித்தால் பேட்டரி தீர்ந்துவிடும்; மின்னல் கருவிகளைப் பொசுக்கிவிடும். நகரிலிருந்து பொறியாளர் வந்துசேரப் பல நாட்கள் ஆகும். ஆகவே ஊர்க்காரர்களுக்கே பழுதுபார்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. நன்கொடையால் கருவி வாங்கிவிடலாம். அதைத் தொடர்ந்து இயக்க ஊரில் ஆளும், மாதச் செலவுக்கு வருவாயும் வேண்டும். இவை இல்லாத இடங்களில் இத்தகைய திட்டங்கள் நீடிப்பதில்லை.

ஏற்பும் இன்றைய நிலையும்

புன்னுக்கு 2007இல் ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. 2014இல் இணையப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் மதிப்பிட்டது. அவ்வாண்டு நகரவாசிகளில் 83 விழுக்காட்டினர் இணையத்தைப் பயன்படுத்தியபோது, கிராமப்புறங்களில் அது 48 விழுக்காடாகவே இருந்தது. கைபேசிக் கோபுரங்களும் தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களும் இன்று பல மலைக்கிராமங்களை எட்டியுள்ளன. எனினும் கட்டணம், மின்சாரம், உரிமம், உள்ளூர்ப் பயிற்சி ஆகிய நான்கும் நாங்கியில் போலவே இன்றும் இணைய அணுகலைத் தீர்மானிக்கின்றன.