முதுமையும் சட்டமும் – 9: கன்றிய இடத்தின் சாட்சியம்

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கடிவாளம் இட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

காரணம் விளங்காத காயத்தை எவ்வளவு நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். துன்புறுத்தலோ பலத்த காயமோ சம்பந்தப்பட்டிருந்தால் 2 மணி நேரம், இல்லையேல் 24 மணி நேரம். இல்லத்தின் நிர்வாகிக்கும் மாநிலக் கண்காணிப்பு இலாகாவுக்கும் தகவல் போயாக வேண்டும். ஒருவர் கண்ணிலும் படாமல் நேர்ந்து, பட்டவராலும் விளக்கிச் சொல்ல இயலாத காயம், தன் அளவாலோ எண்ணிக்கையாலோ உடலில் அமைந்த ஸ்தானத்தாலோ சந்தேகத்தை எழுப்புமானால், குற்றவாளி யார் என்று தெரியும்வரை காத்திராமல் உடனே அறிவிக்க வேண்டும் என்பதே இவ்விதியின் விசேஷம்.

இதில் ‘ஸ்தானம்’ என்ற அம்சம்தான் இவ்வாரம் முழுவதும் என்னைப் பிடித்து ஆட்டியது. கலிபோர்னியாவில் லாரா மொஸ்கெடா என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், 101 முதியவர்களின் உடலில் தற்செயலாக ரத்தம் கட்டிய இடங்களைத் தினந்தோறும் பார்த்துக் குறித்துவைத்து, 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு கன்றல்கள் கை கால்களிலேயே இருந்தன. கழுத்து, காது, பிருஷ்டம், உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. புதுக் காயம் நீலம், பழங்காயம் மஞ்சள் என்று நாம் பரம்பரையாக நம்பிவரும் கணக்கும் அங்கே பொய்த்தது: முதல் நாளிலேயே மஞ்சளித்தவை பதினாறு! நிறத்தை வைத்து நாள் கணிப்பது வீண் வேலை. காலையில் குளிப்பாட்டும் தாதி, கிழவியின் முன்கையில் ஒரு நீலத்தைக் கண்டால் கட்டில் கம்பியில் இடித்திருக்கலாம் என்று எண்ண நியாயமுண்டு. காதின் பின்புறத்தில் கண்டால் அந்த நியாயம் செல்லாது.

‘எங்கே இடித்துக்கொண்டேனோ, யார் கண்டது?’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் முழங்கையைத் தடவிக்கொள்வதில்லையா? தற்செயலாகக் கன்றியவர்களில் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் கால்பங்குக்கும் குறைவே. ஆனால், இதே குழுவினர் பின்னர் அடிபட்டுத் துன்புற்ற முதியவர்களை ஆராய்ந்தபோது, கன்றல் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர், ஞாபக சக்தி குன்றியவர்கள் பலர் உட்பட, அது எப்படி வந்தது என்று சொல்லிவிட்டார்கள். ‘அந்த அம்மாளுக்குப் புத்தி தடுமாற்றம், அவள் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று கைவிரிக்கும் நிர்வாகியின் சமாதானம் இதற்குமேல் ஏற்கத்தக்கதன்று.

அறிவித்தபின் நடக்கும் விசாரணையின் முடிவை 5 வேலை நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இந்த வாரத்துக்குரிய இடத்தைக் கன்றல்கள் விழுங்கிவிட்டபடியால், அந்த ஐந்து நாட்களில் இல்லத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை வாசகர்கள் அடுத்த இதழில் காண்க.