எக்ஸ்ரே சரி, மானிட்டர்?

சிவகாசி அச்சகங்களில் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பிக் காலண்டருக்கு பிளேட் போடுவதில்லை. புரூஃப் எடுத்து, பார்ட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மெஷினில் ஏற்றுவார்கள். அதே ஊரில் நெஞ்சு எக்ஸ்ரேயை எந்தத் திரையில் பார்க்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசி, கேட்க வேண்டிய ஊர். வெடி விபத்தில் சிக்கியவருக்கு வெளிக்காயம் பெரிதாக இல்லாமல்கூட இருக்கலாம். அதிர்வலை நுரையீரலைக் கிழித்து, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கும். எக்ஸ்ரேயில் அதற்கு அடையாளம், நெஞ்சுச் சுவருக்கு உள்பக்கமாக ஓடும் மயிரிழை வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே ரத்தக்குழாய் நிழல்களே இருக்காது, வெறும் கறுப்பு. மங்கிப்போன மானிட்டரில் ஜன்னல் வெளிச்சமும் விழுந்தால், கோடும் கறுப்பும் ஒன்றாகிவிடும்.

சி.டி. ஸ்கேன் பதிவு செய்யும் சாம்பல் படிகள் 4,096 வரை. சாதாரண மானிட்டர் காட்டுவது 256. நுரையீரலுக்கு ஒருமுறை, எலும்புக்கு ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் அந்தக் குறையைச் சமாளிக்கிறார். அந்த 256இலும் இருட்டுப் பக்கத்துப் படிகளைத் திரை விழுங்கிவிட்டால் சமாளிக்க வழியில்லை. மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தின் 14ஆம் பகுதி வந்தது இதற்காகத்தான்: ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், இருட்டிலும் வெளிச்சத்திலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிய வேண்டும். நோய் கணிக்கும் திரைக்குச் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா, மேமோகிராமுக்கு 420 வெளிச்சமாவது வேண்டும் என்கிறது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி. நல்ல மருத்துவ மானிட்டர்கள் சென்சார் வைத்து இதைத் தாங்களே அளந்து சரிசெய்துகொள்ளும். ஆபீஸ் மானிட்டர் வருஷத்துக்கு வருஷம் மங்கும். தினமும் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

இதெல்லாம் ரேடியாலஜிஸ்டின் இருட்டறைக்கு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அப்படிப்பட்ட நாட்களில் எந்த ஊரிலும் படத்தை முதலில் பார்ப்பவர் கேஷுவாலிட்டி டாக்டர். ட்யூப்லைட்டுக்குக் கீழே, கைக்கு எட்டிய திரையில். இல்லாவிட்டால் வெளியூர் டாக்டர், வாட்ஸ்அப்பில். ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்து எடுத்த போட்டோ, பேஷண்டை மதுரைக்கு அனுப்பலாமா என்று கேட்கப் போதும். நுரையீரலில் ஒன்றுமில்லை என்று சொல்லப் போதாது. ஒரே ஒரு நல்ல மானிட்டர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அதைக் கேஷுவாலிட்டியில் வையுங்கள் என்பேன்.

அதற்கும் வழியில்லாத இடத்தில் சோதனைப் படம் ஒன்று இருக்கிறது. முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் 5 சதவீதம் வெளுத்த சின்னக் கட்டம்; முழு வெள்ளைக்குள் 95 சதவீதக் கட்டம். லைட்டை அணைத்து, பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் இந்த இரண்டும் தனியாகத் தெரியாவிட்டால், அந்த மானிட்டரை பில் போடும் கவுன்ட்டருக்கு மாற்றிவிடலாம்.