புகையில்லாத அடுப்பு: கட்டினால் மட்டும் போதுமா?

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும், கடலோரத்துச் சவுக்கும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் மடிந்து விழுந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது எது? கொல்லைப்புறத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய விறகடுப்புதான்.

விறகடுப்பின் காலம் முடிந்துவிட்டது என்று நகரத்தில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் 'உஜ்வலா' திட்டம் வந்தது. இவற்றால் எத்தனையோ பெண்களின் கண்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் புவனகிரியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை ஏதாவது ஒரு தெருவில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். உள்ளே காஸ் அடுப்பு இருக்கும். புறக்கடையில் விறகடுப்பும் எரிந்து கொண்டிருக்கும். வெந்நீருக்கு அது, நெல் அவிக்க அது, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச அது, பத்துப் பேர் விருந்து வந்தால் அது. சிலிண்டர் தீர்ந்து, கையில் பணம் வரும் வரைக்கும் அதுவே கதி. இது தவிர, சிதம்பரம் கொத்சு விறகடுப்பில் கொதித்தால்தான் ருசி என்று சாதிப்பவர்களும் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கு வேண்டாம்.

அடுப்பு வீட்டை விட்டுப் போகவில்லை. அப்படியானால் அதை ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காக எரித்து, ஒழுங்காகப் பராமரிக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

புகை செய்யும் வேலை

வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நிமோனியா, இருதய நோய், பக்கவாதம், மூச்சுக் குழாய் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய் ஆகியவை அந்தப் புகையின் பரிவாரம்.

நமக்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. கடலூர் மாவட்டத்துக்கு வடக்கே விழுப்புரத்திலும் தெற்கே நாகப்பட்டினத்திலும், விறகு எரிக்கும் வீட்டுக் கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு 2018 முதல் எரிவாயுவை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் இதே சோதனை நடந்தது. நான்கு நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்ததில், காஸ் பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்தூசி, விறகு எரித்தவர்கள் சுவாசித்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. புகையை விரட்டலாம், அதன் கெடுதலை ஒரே ஆண்டில் துடைத்துவிட முடியாது.

மூன்று முறை வந்து மூன்று முறை போன அடுப்பு

புகையில்லாத அடுப்பு புதிய சங்கதி அல்ல. தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார மேதை ஜே.சி. குமரப்பா வார்தாவில் நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்திலிருந்து 1947-ல் 'மகன் சூலா' என்ற அடுப்பு வெளிவந்தது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, மண்ணாலேயே செய்து, ஒரே தீயில் பல பாத்திரங்களைச் சுட வைத்துப் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அடுப்பை வகுத்தார். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை என்ற பொருளில் 1953-ல் ஒரு நூலும் எழுதினார். அப்போது தொடங்கியிருந்த சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் கிராம சேவிகைகள் வீடு வீடாகச் சென்று இத்தகைய அடுப்புகளைப் போட்டுக் காட்டினார்கள்.

பிறகு 1980-களில் மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் வகுத்து, 2002-ல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் அதிகமான அடுப்புகளை நாடெங்கும் அமைத்தது. அவற்றில் இன்று எத்தனை இருக்கின்றன? தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒடிஸாவில் விடை கிடைத்தது. அங்கே சுமார் 2,600 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பொருளாதார அறிஞர்கள், புதிய அடுப்பு போட்ட முதல் ஆண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டுகளில் அந்த லாபம் மறைந்து போயிற்று. அடுப்பு விரிந்தது, குழாய் அடைத்தது, பழுது பார்க்க ஆளில்லை. பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பி விட்டார்கள்.

இதில் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகைக்குழாயைச் சுத்தம் செய்யக் கூரை மேல் ஏற வேண்டும் என்று அமைத்து விட்டால், ஏறப் போவது யார்? புடவை கட்டிய அம்மாள் ஏற முடியாது. ஏறக் கூடியவருக்குப் புகை உறைக்காது. அவர் திண்ணையில் இருக்கிறார். அடுப்பு கெட்ட இடம் இதுதான்.

கட்டும் விதம்

ஒரே தீயில் இரண்டு பாத்திரம் என்ற யுக்தி நம்மவர்களுக்குப் புதிதல்ல. கொடியடுப்பு அதைத்தானே செய்கிறது? புகையில்லாத அடுப்பு என்பது கொடியடுப்போடு ஒரு புகைபோக்கி சேர்ந்தது என்று வைத்துக் கொள்ளலாம். தீ முதல் பாத்திரத்தைச் சுட்டு, உள்வழியாக இரண்டாவது பாத்திரத்தின் அடியைத் தடவி, அதன் பின் குழாய்க்குள் ஏறுகிறது. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். சரியாகக் கட்டிய அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ஏறும். விறகுச் செலவிலேயே வித்தியாசம் தெரியும்.

ஏரிக் களிமண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, இரண்டொரு நாள் புளிக்க விட்டுக் கட்ட வேண்டும். கட்டியதும் பற்ற வைக்கக் கூடாது. நிழலில் பத்துப் பதினைந்து நாள் உலர வேண்டும். முதலில் சுள்ளித் தீ, பிறகுதான் கட்டைத் தீ. அவசரப்பட்டால் வெடிப்பு விடும். வெடிப்பு வழியே புகை வீட்டுக்குள் வரும்.

பாத்திரம் வைக்கும் வாய், அந்த வீட்டுப் பானைக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். பழைய திட்டங்கள் சறுக்கிய இன்னொரு இடம் இது. எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு என்று வைத்தார்கள். அம்மாளின் பானையோ அச்சில் உட்காரவில்லை. இரண்டாவது வாயில் சமைக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு தண்ணீர்ப் பானையை ஏற்றி விடுங்கள். திறந்து கிடக்கும் வாய் புகைபோக்கியைத் தோற்கடித்து விடும்.

புகைக்குழாய் சுமார் நான்கு அங்குல விட்டம் இருக்கட்டும். நேராகப் போகட்டும், வளைவு கூடினால் இழுப்புக் குறையும். கூரையின் உச்சியைத் தாண்டி இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கூரையில் மோதிப் புகையைத் திருப்பி அடிக்கும். மழை இறங்காமல் தலையில் ஒரு தொப்பி வேண்டும். சுடுமண் குழாயோ துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயோ போடலாம். முன்பெல்லாம் கல்நார்ச் சிமெண்டுக் குழாய் போட்டார்கள். அது பழைய வீட்டில் இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். கல்நார்த் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

கூரை வீட்டுக்காரர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். கீற்றைத் துளைத்துக் குழாயை விடுவதை விட, மண் சுவர் வழியாக வெளியே எடுத்து, இறவாணத்தை விட்டு நன்றாக விலக்கி மேலேற்றுவது மேல். கூரை வழியாகத்தான் போக வேண்டுமென்றால், குழாயைச் சுற்றி ஓரடிக்குக் கீற்றும் மூங்கிலும் இல்லாமல் நீக்கி, அந்த இடத்தைத் தகரத்தால் மூட வேண்டும். பொறி தடுக்க வலை கட்டலாமே என்பார்கள். வலையில் கரி பிடித்து நான்கே வாரத்தில் குழாய் அடைத்துப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயின் அடிப்பாகத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், மூடி போட்ட ஒரு வாய் வையுங்கள். நீண்ட மூங்கில் கழியில் தேங்காய் நாரைக் கட்டி, அந்த வாய் வழியே மேலே செலுத்தி இழுத்தால் கரி கொட்டி விடும். யாரும் கூரை மேல் ஏற வேண்டியதில்லை. இந்த ஒரு சிறு வாய் இருந்திருந்தால் எத்தனையோ அடுப்புகள் பிழைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அடுப்பு தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டுமா? அக்கினி மூலை என்று முன்னோர் வைத்ததைத் தள்ள வேண்டாம். ஆனால் நம் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வருகிறது. அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் காற்று நேரே அடுப்பு வாயில் புகுந்து தீயை வெளியே தள்ளும். மூலையை மதியுங்கள், ஜன்னலையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

எந்த விறகு?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ரெயிலில் போகிறவர்கள் சவுக்குத் தோப்புகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ரெயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி சென்னை ராஜதானிக் கடலோரத்தில் சவுக்கைப் பயிரிட்டார்கள். எஞ்சின்கள் போய்விட்டன, சவுக்கு நிலைத்து விட்டது. அடர்த்தியான கட்டை, நின்று எரியும் தணல், குறைந்த சாம்பல். அடுப்புக்கு அதை விஞ்சியது இந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆனால் சவுக்கானாலும் பச்சையாக இருந்தால் பயனில்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கக் கூடும். தீயின் சூடு அந்தத் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடும், மிச்சம் புகை. கட்டையைப் பிளந்து, மழை படாமல், தரையில் படாமல் அடுக்கிச் சில மாதம் காய விட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் இன்னும் காயவில்லை.

இனி விலக்க வேண்டியவை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம் பிச்சாவரம் சதுப்புக் காட்டில் இன்றும் வளர்கிறது. கோயிலுக்கு உரிய அந்த மரம் அடுப்புக்கு ஆகாது. அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகவேனும் பார்வையைப் பறிக்கும். எரித்தால் புகையும் கண்ணை எரிக்கும். பண்ணுருட்டிப் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொட்டை ஓடு கிடைக்கும். நன்றாகவே எரியும். ஆனால் அந்த ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் பொத்து விடும். புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அதை ஆலை உலைகளுக்கு விட்டு விடுங்கள். பற்ற வைக்கப் பாலிதீன் பையையும் ரப்பர் துண்டையும் போடுகிறார்களே, அது பெரிய விபரீதம். பன்னாடையும் காய்ந்த தென்னம் பாளையும் இல்லாத ஊரா இது?

அன்றாடப் பழக்கம்

பதினைந்து நாளைக்கு ஒரு முறை குழாயில் கரி தட்ட வேண்டும். வாரம் ஒரு முறை வெடிப்புகளைக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூச வேண்டும். தினமும் சாம்பலை அள்ள வேண்டும். சாம்பலுக்கடியில் தணல் ஒரு பகல் முழுதும் கண் மூடிக் கிடக்கும். அதைக் குப்பை மேட்டில் கொட்டினால், காற்று எழுந்ததும் தீ கண் விழிக்கும். பக்கத்துக் கூரையைத் தேடிப் போகும். தகரப் பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்த பிறகே வெளியே போட வேண்டும்.

அடுப்புக்கு மேலே பரணில் விறகு காய வைக்கும் பழக்கம் சௌகரியமானதுதான். ஒரு பொறி போதும் என்பதை மறந்து விடுகிறோம். எரிகிற தீயிலும் தணலிலும் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. நைலான், பாலியஸ்டர் புடவைகள் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். அடுப்படியில் பருத்திப் புடவையே நல்லது, முந்தானையை இடுப்பில் செருகிக் கொண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அடுப்பை மேடை மேல் கட்டுங்கள். வடித்த கஞ்சியைத் தரையில் வைக்காதீர்கள்.

புயல் மழை நாளில் ஆபத்து இரட்டிப்பாகிறது. விறகு ஈரம், கதவு ஜன்னல் அடைப்பு. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கொண்டு தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நெய்வேலி நிலக்கரியிலிருந்து செய்த 'லெக்கோ' கட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அடுப்புகளில் புகையில்லாமல் எரிந்தன. புகை இல்லாததால் கெடுதல் இல்லை என்று பலர் நம்பினார்கள். லெக்கோ போய்விட்டது; அந்த நம்பிக்கை போகவில்லை. மரக்கரியானாலும் நிலக்கரியானாலும், மூடிய அறையில் தணலிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்று விடும். தலை வலித்து, கிறுகிறுத்து, வாந்தி வருவது போல் இருந்தால் உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

சுட்டுக் கொண்டால் இங்க், பற்பசை, தோசை மாவு எதுவும் தடவ வேண்டாம். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஓட விடுங்கள், ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101. இந்த இரண்டு எண்களையும் அடுப்படிச் சுவரில் ஒரு கரித்துண்டால் இன்றே எழுதி வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் குழாயின் தொப்பியையும் கட்டுக் கம்பியையும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். ஆடினால், கொத்தனாரைக் கூப்பிட அதுதான் சமயம்.