60 டாலர் கேம், ஒரே வருஷத்துல காலி: ஒரு பேஸ்பால் வீடியோ கேம் நம்ம பர்ஸுக்குச் சொல்ற 4 பாடம்

பேஸ்பால் நமக்குப் பெருசா பழக்கமில்லாத விளையாட்டுதான். ஆனா அமெரிக்காவுல வந்த ஒரு பேஸ்பால் வீடியோ கேமோட கதையில, மாசச் சம்பளம் வாங்குற நமக்கு நிறைய விஷயம் இருக்கு. கேமோட பேரு மேஜர் லீக் பேஸ்பால் 2கே13.

முதல்ல கதையைப் பார்த்துடுவோம். 2004 டிசம்பர்ல ஈ.ஏ. நிறுவனம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். உரிமையை மொத்தமா வாங்கிடுச்சு. அதுக்குப் பதிலடியா டேக்-டூ நிறுவனம் 2005ல பேஸ்பால் லீக்கோட ஒப்பந்தம் போட்டுச்சு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கன்சோல் தயாரிக்கிற கம்பெனிகள் தங்களுக்குன்னு தனியா கேம் பண்ணிக்கலாம். மத்த வெளி கம்பெனிகள்ல டேக்-டூ மட்டும்தான் பண்ண முடியும். ரசிகர்கள் கொண்டாடின ஈ.ஏ.வோட எம்.வி.பி. பேஸ்பால் வரிசை 2005க்கு அப்புறம் மேஜர் லீக் அணிகளோட வரவே இல்ல.

சோனி பிளேஸ்டேஷனுக்கு 'தி ஷோ'ன்னு சொந்தமா ஒரு நல்ல கேம் வெச்சிருந்தது. ஆனா எக்ஸ்பாக்ஸ் வெச்சிருந்தவங்களுக்குக் கடையில புது சீசனோட முழு பேஸ்பால் கேம் வேணும்னா 2கே தான். வேற வழியில்ல.

இந்த வரிசைக்கு விளம்பரம் மட்டும் பிரமாதமா இருந்தது. 2010ல, கேம்ல முதல்ல 'பெர்ஃபெக்ட் கேம்' போடுறவருக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு அறிவிச்சாங்க. 27 பேட்டர்ல ஒருத்தர்கூட பேஸுக்குப் போகக் கூடாது, அதுதான் பெர்ஃபெக்ட் கேம். பரிசு எவ்வளவு பெருசா இருந்தாலும் அதனால கேம் நல்லாயிடாது இல்லையா?

டேக்-டூவுக்கும் இதுல நஷ்டம்தான். 2012ஓட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சப்போ, 2013 மார்ச்ல திடீர்னு 2கே13 வந்தது. விலை 60 டாலர், அன்றைய மதிப்புல சுமார் 3,200 ரூபாய். போன வருஷக் கேமையே எடுத்து, வீரர்கள் பட்டியலை மாத்திக் கொடுத்திருக்காங்கன்னு விமர்சகர்கள் கிழிச்சாங்க. 2014 தொடக்கத்துல உரிமம் புதுப்பிக்கலன்னு கம்பெனி சொல்லிடுச்சு. டிஜிட்டல் கடைகள்லேர்ந்து கேமை எடுத்துட்டாங்க.

இப்போ நமக்கான பாடம்.

1. மொத்த விலைக்கு மொத்த மகிழ்ச்சியைப் பார்க்காதீங்க

"100 மணி நேரம் விளையாடுவேன், மணிக்கு 32 ரூபாய்தானே?"ன்னு கணக்கு போடுவோம். இது தப்பான கணக்கு. உங்ககிட்ட 2கே12 ஏற்கெனவே இருந்தா, அதுலயும் அதே 100 மணி நேரம் விளையாடலாமே? நீங்க 3,200 ரூபாய் கொடுக்கிறது புது வீரர் பட்டியலுக்கு மட்டும்தான். உங்க ஃபோனை மாத்துறப்பவும் இதையே கேளுங்க. பழசுக்கும் புதுசுக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு இந்த இ.எம்.ஐ. தகுமா?

2. போட்டி இல்லாத இடத்துல பொறுமை வேணும்

ஒரே கடைன்னா தரம் குறைஞ்சாலும் வியாபாரம் நடக்கும். அங்க உங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம் 'வாங்காம இருக்கிறது'. இந்த மாதிரி வருஷா வருஷம் வர்ற ஸ்போர்ட்ஸ் கேமோட விலை சீசன் முடியறதுக்குள்ள நல்லா இறங்கிடும். முன்பதிவு பண்றவங்கதான் முழு விலை கொடுக்கிறாங்க, அதுவும் விமர்சனம் வர்றதுக்கு முன்னாடியே!

3. போட்ட பணத்தைப் பார்த்து மேலும் போடாதீங்க

2கே6லேர்ந்து 2கே13 வரைக்கும் மொத்தம் 8 கேம். எல்லாமே 60 டாலர்னு வெச்சுக்கிட்டா 480 டாலர். "இவ்வளவு வருஷம் வாங்கியாச்சு, இதையும் வாங்கிடுவோம்"னு ஒரு மனசு சொல்லும். போகாத ஜிம்முக்கு சந்தாவைப் புதுப்பிக்கிறதும், புரியாம எடுத்த பாலிசிக்கு யோசிக்காம பிரீமியம் கட்டுறதும் இதே மனசுதான். போன பணம் போனதுதான். இனிமே போடப்போற பணத்துக்கு என்ன கிடைக்கும்? அதை மட்டும் பாருங்க.

4. நீங்க வாங்கினது பொருளா, அனுமதியா?

டிஸ்க் வாங்கினவர் அதை வித்திருக்கலாம், நண்பருக்குக் கொடுத்திருக்கலாம். டவுன்லோட் பண்ணினவருக்கு அந்த வாய்ப்பே இல்ல. டிஜிட்டலா வாங்குற பெரும்பாலான விஷயங்கள்ல நமக்குக் கிடைக்கிறது பயன்படுத்துற அனுமதி மட்டும்தான். ஆன்லைன்ல ஆடுறது சர்வர் இருக்கிற வரைக்கும்தான். அதனால, மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம்னு வெச்சே விலையை எடை போடுங்க.

பொழுதுபோக்குக்குச் செலவே பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. உழைக்கிறோம், சந்தோஷமா இருக்கணும். சம்பளம் வந்ததும் சேமிப்பை ஒதுக்கிட்டு, பொழுதுபோக்குக்குன்னு ஒரு தொகை தனியா வைங்க. அந்தத் தொகைக்குள்ள, ரிலீஸ் ஆகி ஒரு மாசம் கழிச்சு, விமர்சனம் பார்த்து வாங்குங்க.

நீங்க கடைசியா முழு விலை கொடுத்து வாங்கி ஏமாந்த பொருள் எது? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.