கழுத்தில் கண்ட கணு

அண்மையில் சிங்கப்பூர்த் தேக்காவில் பழைய நண்பர் ஒருவரைக் கண்டேன். தமிழாசிரியர், நோய்நொடி அறியாதவர். முழுவுடற் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் கழுத்தையும் ஸ்கேன் எடுத்திருக்கின்றனர். 'தைராய்டில் கட்டி' என்று அறிக்கை வந்தது. அன்று முதல் அவருக்கு உணவு இறங்கவில்லை, உறக்கமும் இல்லை. "அறுத்து எறிந்துவிடலாமா, ஐயா?" என்று என்னை வினவினார். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு மருத்துவம் தொழிலன்று. எனினும் அவர் பொருட்டுப் படித்தறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்த சுரப்பி. அதன் திசு ஆங்காங்கே திரண்டு உருண்டையாவது உண்டு. இத்திரட்சி எத்தனை பேருக்கு இருக்கும்? விடை, தேடும் கருவியைப் பொறுத்தது. கையால் தடவிப் பார்த்தால் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்குத் தென்படும். ஒலியலை ஸ்கேனோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ளதையும் காட்டிவிடும். ஆதலின் 19 முதல் 68 பேர் வரை அகப்படுவர். பெண்களிடமும் முதியோரிடமும் இது மிகுதி.

இது புதுமையன்று. தைராய்டு நலமாக உள்ளதெனக் கருதப்பட்ட 821 பேரின் உடல்களை, அவர்கள் இறந்தபின் அமெரிக்க மேயோ மருத்துவமனையார் ஆராய்ந்து 1955இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் திரட்சி இருந்தது!

இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. புற்றாயினும் பல மிக மெதுவாகவே வளரும். ஜப்பானின் கூமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத புற்றுகளை அறுக்காமல் கண்காணிக்கும் முறையை 1993இல் தொடங்கியது. அவ்வாறு கண்காணிக்கப்பெற்ற 1235 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை என 2014இல் அறிவித்தது.

அறுப்பதால் என்ன கேடு என்பீர். தென்கொரியாவைக் காண்க. ஆங்கே நலமுள்ளோரின் கழுத்தை ஸ்கேன் செய்வது பெருவழக்காயிற்று. 1993ஆம் ஆண்டை நோக்க, 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 15 மடங்காயிற்று. இறந்தோர் தொகையோ மாறவில்லை. அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலிழந்தது. குரலையே முதலாகக் கொண்ட நம்மனோர்க்கு இது சிறிய இழப்பா?

சிங்கப்பூர் அரசின் நோய் கண்டறியும் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம், பெருங்குடற் புற்று முதலியவற்றைத் தேடச் சொல்கிறது. கழுத்து ஸ்கேன் அதில் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழுவும், அறிகுறி இல்லாதாரிடம் தைராய்டுப் புற்றைத் தேட வேண்டா என 2017இல் கூறிற்று.

ஆயினும் கழுத்தில் விரைந்து வளரும் வீக்கம், நீங்காத குரல் கம்மல், விழுங்குவதில் இடர், குடும்பத்தில் தைராய்டுப் புற்று, இளமையில் கழுத்திற் பட்ட கதிர்வீச்சு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை நாடத் தவறற்க.

தமிழாசிரியர்க்கு ஒரு சொல். சீழ்க்கட்டியும் கட்டி, புற்றும் கட்டி, இத்திரட்சியும் கட்டி என்றால் கேட்பவர் நடுங்காமல் என்செய்வார்? கரும்பிலும் மூங்கிலிலும் உள்ளதைக் கணு என்கிறோம். அதை எவரும் நோயெனக் கொள்வதில்லை. இதனையும் 'கணு' என்றே வழங்கலாமே.

நண்பரின் கணு நான்கு மில்லிமீட்டர். படத்தில் ஐயத்திற்கிடமான குறி ஏதுமில்லை. ஊசிச் சோதனையும் தேவையில்லை என்று சிறப்பு மருத்துவர் கூறிவிட்டார். கணு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நண்பர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.