குளிர்ப்பெட்டியின் மூடி



ஒரு பெட்டியின் மூடி சற்றே பொருந்தாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எண்ணுவோர் பலர். குளிர்ப்பெட்டியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையானது. மூடியின் கீழே சிறு இடைவெளி இருந்தாலும் உள்ளே நீர் சேரும், மரம் உக்கும், இயந்திரம் ஓயாது உழைக்கும். ஆயினும், எவ்வாற்றானும் திறக்க முடியாதபடி மூடியைப் பூட்டி இறுக்குவதும் பேராபத்தாகும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழி யாது என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. அங்கே 1978ஆம் ஆண்டில் சனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டமொன்று, வீட்டுத் தேவைக்கென ஓரளவு பியர் தயாரிப்பதற்கு மத்திய அரசின் வரியிலிருந்து விலக்களித்தது. அவ்வாறு தயாரிப்போரிற் சிலர், மேற்புறம் திறக்கும் உறைபெட்டி ஒன்றை வாங்கி, பியர் வழங்கும் பெட்டியாகத் தம் கையாலேயே மாற்றிக்கொள்கின்றனர். பெட்டியின் விளிம்பின்மேல் நான்கு பலகைகளாலான மரச் சட்டகம் ஒன்றை ஏற்றி, அதன்மேற் பழைய மூடியைப் பொருத்துவர். பியர் வரும் குழாய்வாய்களைச் சட்டகப் பலகையிலே துளைத்து வைப்பர். பெட்டியின் சுவரைத் துளைப்பதில்லை. ஏனெனில், வெப்பத்தை வெளியேற்றும் நுண்குழாய்கள் பல பெட்டிகளில் அச்சுவரினுள்ளே மறைந்து செல்கின்றன. பியர் உறைந்துவிடாதவாறு, தனியான கட்டுப்பாட்டுக் கருவியினால் வெப்பநிலையை 3 அல்லது 4 பாகை சதமத்தில் நிறுத்துவர். மதுவைப் பரிந்துரைப்பது எனது நோக்கமன்று. அப்பெட்டி கற்பிக்கும் பௌதிகமே நமக்கு வேண்டியது.

குளிர்ந்த காற்று பாரமானது. ஆகையால், மேலே திறக்கும் பெட்டியில் அது கிணற்று நீர்போல அடியிலே தங்கும். அவ்வாறாயின் மூடியை ஏன் இவ்வளவு கவனமாக அடைக்க வேண்டும்? விடை ஈரத்தில் இருக்கின்றது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 4 பாகைக்குக் குளிர்ந்தால் அதனால் 6 கிராம் அளவையே தாங்க முடியும். எஞ்சியது நீராக மாறிச் சுவரிலும் மரத்திலும் படியும். அன்றியும், மூடியபின் உள்ளே அகப்பட்ட காற்றுக் குளிர்ந்து சுருங்கும். 30 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறங்கும்போது அதன் கனவளவு நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் குறையும். அக்குறையை நிரப்ப, இடைவெளி எங்கேயோ அங்கே வெளிக்காற்று ஈரத்தோடு புகும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதுவே நிகழும். நாளடைவிற் பூஞ்சணம் பிடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சட்டகம் ஏற்றிய பெட்டியில் அடைக்க வேண்டிய இணைப்புகள் இரண்டு. கீழ் இணைப்பு, மரத்துக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையிலானது. அதனைச் சிலிக்கன் பசையால் அடைக்கலாம். பின்னர் கழற்ற விரும்புவோர் மென்மையான நுரைப்பட்டியை இடலாம். பசையிட்டால், அது இறுகி அதன் காடி மணம் நீங்கும்வரை பெட்டியைத் திறந்தே வைத்தல் நன்று. மேல் இணைப்பே கடினமானது. மூடியின் அடியிலுள்ள மென்பட்டி, பலகையின்மேல் எவ்விடத்தும் ஒரே சீராக அமர வேண்டும். ஆகவே பலகைகள் கூடும் மூலைகளை மேடு பள்ளமின்றிச் சீவி, மரத்துக்கு நீர் புகாத வண்ணப்பூச்சு இட வேண்டும். சில பெட்டிகளின் மென்பட்டிக்குள் காந்தம் உண்டு. காந்தம் மரத்தைப் பற்றாது; மெல்லிய இரும்புத் தகட்டைப் பலகையின்மேல் ஒட்டினாற் பற்றிக்கொள்ளும். சோதிப்பதும் எளிது. ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் இடைவெளி உண்டு.

இனி, மறுபுறத்தை நோக்குவோம். முற்காலக் குளிர்ப்பெட்டிகளின் கதவை வெளியிலிருந்து மட்டும் திறக்கக்கூடிய கொளுக்கியே இறுக்கிப் பிடித்தது. கைவிடப்பட்ட பெட்டிகளில் ஒளிந்து விளையாடிய சிறுவர் வெளியே வர முடியாது மூச்சடைத்து மாண்டனர். அதனால், 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. 1958 ஒற்றோபர் இறுதியின் பின் செய்யப்படும் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளின் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என அது விதித்தது. கொளுக்கியின் இடத்தைக் காந்தப்பட்டி பிடித்தது. காற்றைத் தடுக்க அதன் பிடி போதும். குழந்தையின் கைக்கோ அது வழிவிடும்.

பியர்ப் பெட்டியில் வேறோர் ஆபத்தும் உண்டு. பியரை வெளியே தள்ளும் காபனீரொட்சைட்டு உருளையைச் சிலர் பெட்டிக்குள்ளேயே வைப்பர். ஐந்து இறாத்தல் வாயு வெளிப்பட்டால் 1,200 லீற்றருக்கு மேல் விரியும். அவ்வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் நன்கு அடைக்கப்பட்ட பெட்டியின் அடியிலே தேங்கி நிற்கும். ஆகையால் மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே விடலாகாது. திறந்து சிறிது நேரம் விட்டபின், அறையின் யன்னல்களையும் திறந்துவைத்தே வேலை செய்தல் வேண்டும்.

நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் மேற்புறம் திறக்கும் உறைபெட்டிகள் இருக்கின்றன. பயன்பாட்டில் உள்ளபோது அவற்றின் மென்பட்டியைத் துடைத்துப் பேணுங்கள். பழுதாகிக் கொல்லைப்புறத்துக்குப் போகும் நாளில், முதல் வேலையாக மூடியைக் கழற்றிவிடுங்கள். அதற்குத் திருப்பாணிகள் சிலவற்றைக் கழற்றினாற் போதும்; அயலிலுள்ள ஒரு குழந்தையின் உயிர் அதனாற் காக்கப்படலாம்.